காய்ச்சலுக்கு மருந்து, போதைக்கு வசையா?



நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இருபத்து நான்கு வயதினர், மூன்று வாரம் விடாத காய்ச்சலில் கிடந்தார். டெங்கு என்றனர், டைபாய்டு என்றனர். தண்ணீர் ஓதித் தரக் கேட்டனர், ஓதிக் கொடுத்தோம். சளியில் இரத்தம் கண்ட பிறகே மருத்துவமனையில் எக்கோ எடுத்தனர். இதய வால்வில் கிருமித் திரள் இருந்தது. "ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் வினவினார். "எங்கள் பிள்ளை தொழுகையாளி" என்றார் வாப்பா. உண்மை அறிந்த நாமும் வாய் திறக்கவில்லை.

டேபென்டடால் எனும் வலிமாத்திரையைப் பொடித்துக் கரைத்து இரத்தக்குழாயில் ஏற்றும் கேடு தமிழகத்தில் பரவியிருப்பதைச் செய்தித்தாள் வாசிப்போர் அறிவர். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி ஊசியோடு உள்ளே செல்கிறது. அந்த இரத்தம் முதலில் சேருமிடம் இதயத்தின் வலப்பக்கம். அங்குள்ள மூவிதழ் வால்வில் கிருமி தங்கிப் பெருகுகிறது. உடைந்த துணுக்குகள் நுரையீரலை அடைவதால் இருமலும் நெஞ்சுவலியும் உண்டாகின்றன. பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும்; சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

அத்தனை வாரம் அவர் கட்டிலில் இருப்பாரா? போதை நின்ற ஓரிரு நாளில் உடல் முறுக்கும், வயிறு போகும், உறக்கம் வராது. அதற்கு மருந்து தராவிடில் நோயாளி எழுந்து ஓடுவார். நம் மாணவர் ஒன்பதாம் நாள் ஓடினார். "திமிர்" என்றது ஊர். இதய மருத்துவரும் தொற்றுநோய் மருத்துவரும் போதைநோய் மருத்துவரும் ஒரே குழுவாக நின்று கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் கூறியது இதனால்தான். பழக்கத்தை விட்டுவிட்டு வால்வை மட்டும் மாற்றினால், புதிய வால்விலும் கிருமி ஏறும்.

"புப்ரெனார்பினும் போதைதானே, ஹராமுக்கு ஹராமா மருந்து?" என்று ஜும்ஆவுக்குப் பின் ஒரு பெரியவர் நம்மைக் கடிந்தார். மருத்துவர் அளந்து, கண்காணிப்பில் நாவின் அடியில் வைக்கும் மாத்திரை அது. மயக்கத்துக்காகத் தருவதன்று, ஏக்கத்தை அடக்கி, ஊசியிலிருந்து விலக்குவதற்காகத் தருவது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. நிர்ப்பந்த நிலைக்கு ஃபிக்ஹில் இடமுண்டு. அறுவைக்குப் பின் மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ள அப்பெரியவர் எவரிடமும் ஃபத்வா கேட்டதாகத் தெரியவில்லை!

தவ்பா செய்தால் போதும், நிக்காஹ் முடித்தால் திருந்துவான், அறையில் பூட்டினால் சரியாகும் என்கின்றனர். தவ்பா அவசியம், அது மருந்தைத் தடுக்கவில்லை. பூட்டுவதோ கொல்லக்கூடியது: சில வாரம் விலகிய உடல் பழைய அளவைத் தாங்காது; வெளியே வந்து அதே அளவு ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். மது அருந்தித் தண்டிக்கப்பட்டவரை ஒருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நம் மஹல்லாவில் சபிப்பதற்கே முதலிடம்.

போலீஸுக்கு அஞ்சி மறைப்போருக்கு: சிறிய அளவு தொடர்பான வழக்கில் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு விலக்களிக்கப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்துள்ளது. 14446 என்ற உதவி எண்ணும் உண்டு. மருத்துவரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லுங்கள். போதைநோய் மருத்துவரையும் அன்றே கேளுங்கள்.

அம்மாணவர் பன்னிரண்டு நாள் கழித்துத் தூக்கிவரப்பட்டார். இம்முறை வாப்பா உண்மையைச் சொன்னார். அதற்குள் வால்வு சிதைந்திருந்தது.