எத்தனையாவது?

கம்பம் பள்ளத்தாக்கின் கொடிமுந்திரிப் பந்தலில், "எத்தனையாவது கல்லில் கொடி பட்டுப்போயிற்று?" என்று வினவுவார் பண்ணைப்புரத்து உழவர். அவ் 'எத்தனையாவது' என்பதற்கு நிகராக ஆங்கில வழக்கில் ஒரு சொல் இல்லை.

வரிசையில் இன்ன இடம் என்று வரையறுக்காமல் ஓர் உறுப்பைச் சுட்டக் கணக்கியலார் எண்ணுக்கு மாற்றாக ஓர் எழுத்தை வைப்பர். ஆங்கிலர் அதனை 'என்த்' என்பர். போர்த்துக்கீசியர் 'எனெ' என்னும் எழுத்துப் பெயரோடு 'எசிமு' என்னும் ஈற்றைக் கூட்டி 'எனேசிமு' என்பர். (சாவியும் அலமாரியும் அவரிடம் கடன் கொண்டோம், இதனைக் கொள்ள வேண்டுவதில்லை.) அவ்வீறு அவர்க்கு இருபதாவது, முப்பதாவது, நூறாவது போல்வனவற்றில் வருவதேயன்றி, முதற் பத்துப் பெயர்களில் இல்லை.

நமக்கோ 'முதல்' ஒன்று நீங்கலாக, அதற்கும் 'ஒன்றாவது' உண்டு, இரண்டு தொடங்கிக் கோடி வரை ஒரே ஈறு. 'ஆகு' என்னும் வினையடிப் பிறந்தது அது. தொல்காப்பியர் வேற்றுமைகளை 'இரண்டாகுவது', 'மூன்றாகுவது' என்றே எண்ணிச் செல்கிறார். எண்ணோடு ஒட்டுவது போன்றே அவ்வீறு எழுத்தோடும் ஒட்டும். பிறைக்கோட்டுள் அடைத்த கோவை முழுமையோடும் ஒட்டும்.

தமிழ்வழிப் பாடநூல் 'ஆவது' என்று அச்சிட்டிருக்கவும், வகுப்பில் 'என்த் டெர்ம்' என்னும் வாய்கள் பல. 'என்னாவது' என்றால் 'என்ன ஆவது' என்பது போல் ஒலிக்கிறதாம்! மாணவன் முதல்நாள் சிரிப்பான். மூன்றாம் நாள் கணக்குப் போடுவான். 'என்த்' என்று தொடங்கினாலோ, வீட்டில் நாளும் கேட்ட வினாவே இது என்பதை அவன் அறியாமலே போவான். ஆசிரியர் முதலில் 'எத்தனையாவது?' என்று கேட்கட்டும். பின்னர் 'எத்தனை' நின்ற இடத்தில் அவ்வெழுத்தை எழுதிக் காட்டட்டும்.