கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி

கானடாவின் க்யூபெக் மாகாணத்தில், டிஸம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மோட்டார் வண்டிகளில் குளிர்கால டயர் மாட்டியிருக்க வேண்டுமென்பது சட்டம். 2008-ல் இது அமலுக்கு வந்தபோது ஆரம்பத் தேதி டிஸம்பர் 15. பனி அதுவரை காத்திருக்குமா? 2019-ல் தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள்.

சாதாரண டயரின் ரப்பர் கடுங்குளிரில் இறுகிப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயர் மிருதுவாகவே இருக்கும். ஆயினும், டயரை மாற்றியதோடு அபாயம் தீர்ந்ததென்று புதிதாக ஓட்டுகிறவர் நினைத்தால், அதைவிடப் பேதைமை வேறில்லை என்போம்.

குவிந்து கிடக்கும் வெண்பனியாவது கண்ணுக்குத் தெரியும். தார்ச் சாலைமேல் கண்ணாடிபோல் படியும் மெல்லிய பனிக்கட்டியோ வெறும் ஈரமென்றே தோன்றும். பாலங்களில் அது முதலில் உறையும். மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதே காரணம். அதன்மேல் வண்டி நிற்பதற்கு, உலர்ந்த வீதியில் வேண்டியதைப்போல் பத்து மடங்கு தூரங்கூடத் தேவைப்படலாம். ஆகையால் முன்வண்டியை நெருங்கலாகாது. பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வண்டி வழுக்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய திசையையே நோக்கி மெள்ளத் திருப்ப வேண்டும்.

அந்த மாகாணத்து மான்ட்ரியால் நகரில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது ஒன்றே: அவசரம் வேண்டாம். நேரங்கழித்து வந்தால் அம்மா இரண்டு வார்த்தை கடிந்துகொள்வாள். அதைக் கேட்கும் பாக்கியம் நிலைக்கட்டும்!