நாலு மணி நேரம்

"அதான் பென்சன் வருதுங்களே, அப்புறம் எதுக்குங் அம்மிணி வேலை?" போத்தனூரில் எங்கள் தெருவே கேட்டாயிற்று. 60 வயதில் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இப்போது டவுன்ஹால் பக்கம் ஒரு துணிக்கடையில் காலை பத்து முதல் இரண்டு வரை கணக்கு எழுதுகிறேன். ரயில்வேயில் ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர் மில்லுக்குப் பகுதிநேர வேலைக்குப் போனபோது 'சுறுசுறுப்பான மனுசன்' என்றார்கள். எனக்கு மட்டும் 'காசாசை'.

எதிலிருந்து ஓய்வு? 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 289 நிமிடம், ஆண்கள் 88. இந்த வேலைக்கு ஓய்வு வயதும் இல்லை, பென்சனும் இல்லை. நான் ரிட்டையரான மறுவாரமே மகன் பேரனைக் கொண்டுவந்து விட்டான். "நீங்க சும்மாதானேம்மா இருக்கீங்க." பேரன் மேல் பிரியம் இல்லாமலில்லை. அந்தச் 'சும்மா'தான் தொண்டையில் சிக்குகிறது.

முழுநாளும் வரச் சொன்னார் முதலாளி. மாட்டேன் என்றேன். இரண்டு மணிக்குக் கிளம்பி, 2021 முதல் நமக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி, உக்கடத்தில் இறங்கிப் பெரியகுளக்கரையில் அரைமணி உட்காருவேன். யாருக்கும் சமைக்காத அரைமணி. வேலைக்குப் போவதால்தான் அதுவும் கிடைக்கிறது. வீட்டிலிருந்து 'சும்மா' கிளம்பினால் எங்கே என்று கேட்பார்கள்.

பேரன் இப்போது சனி, ஞாயிறு வருகிறான். மற்ற நாளுக்கு அவன் அப்பா லீவு போடட்டும்.