கண் சிமிட்டிப் பேசும் எஞ்சின்

சென்ற தை மாதத்தில் ஒருநாள், பொழுது புலருமுன் ஜெயபுரத்திலிருந்து அக்கராயன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போகவேண்டிய அலுவல் ஒன்று நமக்கு நேர்ந்தது. பேசிவைத்திருந்த வாடகைக் கார், 1990களின் முற்பகுதியில் யப்பானிற் செய்யப்பட்ட ரொயோட்டா கொறோலா. இரவெல்லாம் பனியில் நனைந்து நின்ற அவ்வண்டியின் எஞ்சின், சாவியைத் திருப்பத் திருப்பச் சுழன்றதேயன்றிப் பற்றவில்லை. பற்றிய ஓரிரு வேளையும் இருமிவிட்டு அடங்கிற்று. டாஷ்போட்டிலே எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"சூடேறினால் நல்லா ஓடும் ஐயா. காலையிலைதான் இந்தச் சண்டித்தனம்" என்றார் உரிமையாளர். பட்டணத்துக் கராச் ஒன்றிலே, கொம்பியூட்டர்ப் பெட்டி பழுதாகிவிட்டது, மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்காக மனைவியின் சங்கிலியை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார். பிள்ளைப்பேறு என்றாலும் பாம்புக்கடி என்றாலும் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்ற வண்டி அது. வேறொன்று வாங்கலாமென்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. விலையோ குடியானவர் கைக்கு எட்டுவதாயில்லை.

சத்தங் கேட்டு அயல் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். இளமையில் கராச்சில் வேலை பார்த்தவர். மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய தலைமுறை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது வடபகுதியிற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 முதலிய பழைய பிரித்தானியக் கார்களே அந்நாளில் மக்களைச் சுமந்தன. காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பற்றவைத்து, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இரும்பிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதே காரணம். பெற்றோலும் குளிரிலே முழுதாக ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குத் தீனி சற்று மிகுதியாக வேண்டும். பழைய கார்களிற் சாரதி இழுக்கும் 'சோக்' என்னும் பிடி காற்றைக் குறைத்து அவ்வேலையைச் செய்தது.

பெரியவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குச் சோக் எங்கை?" என்றார்.

"இது இன்ஜெக்ஷன் எஞ்சின், அண்ணை. சோக் இல்லை."

"சோக் இல்லாமல் எந்த எஞ்சின் குளிரிலை பத்தும்? அந்த வேலையை இதுக்குள்ளை வேறை ஏதோ செய்யுது. அதைத்தான் பாக்கவேணும்."

அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதனை விளங்கிக்கொள்ள, இவ்வகை எஞ்சின் தீனி உண்ணும் முறையைச் சிறிது பார்ப்போம்.

காபுரேற்றரிலே, விரைந்து செல்லும் காற்று பெற்றோலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜெக்ஷன் எஞ்சினிலோ, தாங்கிக்குள் மூழ்கியிருக்கும் மின்சாரப் பம்பு, சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் அழுத்தத்திற் பெற்றோலைத் தள்ளுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் உண்டு. அது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறு குழாய்வாய். ஒரு செக்கனின் ஆயிரத்திற் சில பங்கு நேரமே திறந்திருக்கும். எவ்வளவு நேரம் என்று கணக்கிடுவதே கொம்பியூட்டர்ப் பெட்டியின் தொழில். 1967இல் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வாகன் 1600 காருக்குச் செய்த ஏற்பாட்டிலே, உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளந்து காற்றின் அளவை அறிந்தார்கள். நாம் கூறும் கொறோலாவின் 4ஏ-எப்.ஈ. என்னும் 1587 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது.

சோக்கின் வேலையைச் செய்வது, குளிர்நீர் ஓடும் வழியிற் பொருத்தப்பட்ட விரல் நுனியளவான வெப்ப சென்சர். 20 பாகை செல்சியசில் அதன் மின்தடை 2,000 முதல் 3,000 ஓம் வரை. 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரை. தடை மிகுந்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று பெட்டி அறிந்து தீனியைக் கூட்டும். அக்கம்பி அறுந்துபோனால், பெட்டி விளக்கை எரித்துவிட்டு, நீர் 80 பாகையில் இருப்பதாகத் தானே வைத்துக்கொண்டு ஓடும். சூடான எஞ்சினுக்கு அது பொருந்தும். குளிர்ந்த எஞ்சினோ அரைப்பட்டினி கிடக்கும்.

இந்த எஞ்சினுக்கு வாயும் உண்டு. பொனற்றின் கீழ் 'டயக்னோசிஸ்' என்று பொறித்த சிறு பெட்டியிலே, ரீ.ஈ.1, ஈ.1 என்ற இரு துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்து, எஞ்சினைப் பற்றவைக்காது சாவியை மட்டும் திருப்பினால், மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். நிறுத்தாது ஒரே சீராகச் சிமிட்டினால் குறையில்லை. அன்று அது இரண்டு முறை சிமிட்டி, சற்று ஓய்ந்து, மறுபடியும் இரண்டு முறை சிமிட்டிற்று. 22 என்பது வெப்ப சென்சரின் இலக்கம். 31 ஆயின் அழுத்த சென்சர். 41 ஆயின் அக்சிலேற்றர் வால்வின் நிலையைக் காட்டும் சென்சர். துளை மாறி இணைத்தாற் கேடு விளையுமாதலால், மூடியின் உட்புறத்துப் படத்தைப் பார்த்தே கைவைக்க வேண்டும்.

சென்சருக்குச் செல்லும் கம்பியைப் பெரியவர் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் அது துண்டாகிக் கிடந்தது. ஓரத்திலே பல் தடம். அறுவடைக் காலம்; வீட்டிலே நெல் மூட்டை; வண்டியின் கீழ் எலிக்குடும்பம்! கம்பியை முறுக்கி ஈயம் பற்றவைத்து ரேப் சுற்றினார். ஈ.எப்.ஐ. என்று குறித்த பியூசைப் பத்துச் செக்கன் கழற்றிப் பூட்டவே, பெட்டி பழைய குறையை மறந்தது. அடுத்த திருப்பில் எஞ்சின் பற்றிற்று. சங்கிலி தப்பியது.

இவ்வகை வண்டி வைத்திருப்போர்க்கு வழியிற் பெரியவர் சொன்னவற்றையும் எழுதிவிடுகிறோம். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலை ஏ40 பொறுத்தது, இது பொறாது. எஞ்சின் தட்டும், புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சரும் கெடும். 2022 தட்டுப்பாட்டின்போது கான்களிற் சேர்த்துவைத்த பெற்றோலோடு நீரும் தூசியும் தாங்கிக்குட் போய்ப் பல பம்புகள் பழுதானதாக அவர் கூறினார். போத்தலிற் பெற்றோல் வாங்க நேர்ந்தால், அடியில் நீர் தேங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்திற் பார்த்துத் துணியில் வடித்து ஊற்றுக. பம்பைக் குளிர்விப்பதும் பெற்றோலே. தாங்கியிற் காற்பங்காவது எப்போதும் இருக்கட்டும். பெற்றோல் வடியை மாற்றுமுன், பம்பின் மின் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்காவிடின் பெற்றோல் பீறிட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

கிரவல் வீதிப் புழுதிக்கு, காற்று வடியை நூலிற் குறித்த தூரத்திற்கு முன்பே தட்டிப் பார்க்க வேண்டும். றேடியேற்றருக்குக் கிணற்று நீர் ஆகாது, சுண்ணாம்பு படியும். இதன் சிலிண்டர்த் தலை அலுமினியம், ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும். ரைமிங் பெல்ற்றை 1,00,000 கிலோமீற்றரில் மாற்றுக. உழவு இயந்திரத்துப் பற்றறியிலிருந்து மின் எடுக்கும்போது கம்பியை மாறிக் கொழுவினால், அப்பொழுதுதான் கொம்பியூட்டர்ப் பெட்டி மெய்யாகவே போகும்.

கூலி என்ன என்று கேட்டதற்குப் பெரியவர் ஒரு பிளேன்ரீ போதும் என்றார். உரிமையாளர் அன்று திரும்பும் வழியில் அக்கராயன் கடையிலே வண்டியை நிறுத்தி, எலிப்பொறி இரண்டு வாங்கினார்.