சத்தமில்லாமல் உதவுவோம்!



பிறருக்கு உதவ வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எப்படி உதவ வேண்டும் என்று யோசித்தது உண்டா? அதைப் பற்றி மிக ஆழமாக யோசித்தவர்கள் யூதர்கள். அவர்களுடைய 'தால்முத்' என்ற பழைய நூலில் ஒரு கதை வருகிறது.

பாபிலோனியாவில் மார் உக்வா என்ற பெரியவர் இருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஏழை. தினமும் அந்த வீட்டுக் கதவு சுழலும் குழியில் நான்கு வெள்ளிக் காசுகளைப் போட்டுவிட்டு, மார் உக்வா ஓசைப்படாமல் போய்விடுவார். போடுவது யார் என்று ஏழைக்குத் தெரியாது. "இன்றைக்கு எப்படியும் பார்த்துவிட வேண்டும்" என்று ஒரு நாள் அவர் காத்திருந்தார். அன்று மார் உக்வா தன் மனைவியோடு வந்தார். கதவு அசைந்ததும் ஏழை வெளியே வந்தார். கணவனும் மனைவியும் எடுத்தார்கள் ஓட்டம்! ஆள் நுழையும் அளவு பெரிய ஓர் அடுப்புக்குள் போய் ஒளிந்து கொண்டார்கள். அதிலிருந்து அப்போதுதான் தணலை அள்ளியிருந்தார்கள். மார் உக்வாவின் கால்கள் சுட்டன. "என் பாதங்களின் மேல் உங்கள் கால்களை வையுங்கள்" என்றாராம் மனைவி.

திருடியவர் ஓடலாம், தருமம் செய்தவர் ஏன் ஓட வேண்டும்? தால்முத் தரும் பதில் இதுதான்: ஒருவரைப் பலர் முன்னால் வெட்கப்பட வைப்பதைவிட, நெருப்புக்குள் விழுவதே மேல்!

பார்த்தீர்களா? தன் அடக்கத்தைக் காட்டுவதற்காக மார் உக்வா ஒளியவில்லை. வாங்குபவர் தலைகுனியக் கூடாது என்பதற்காகவே ஒளிந்தார்.

கி.பி. 70ஆம் ஆண்டில் ரோமானியர்கள் இடித்த ஜெருசலேம் ஆலயத்தில் 'ரகசிய அறை' ஒன்று இருந்ததாக யூத நூல் கூறுகிறது. நல்ல மனம் கொண்டவர்கள் அங்கே யாருக்கும் தெரியாமல் பொருள் வைப்பார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்து வறுமையில் வாடியவர்கள், யாருக்கும் தெரியாமல் அதனால் பிழைப்பார்கள்.

இன்னொரு செய்தி கேளுங்கள். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் உணவு கொண்டு போவது யூதர் வழக்கம். முன்பு பணக்காரர்கள் வெள்ளிக் கூடையில் கொண்டு போனார்கள். ஏழைகள் பிரம்புக் கூடையில் கொண்டு போனார்கள். ஏழைகள் கூச்சப்பட்டார்கள். உடனே, இனி எல்லாரும் பிரம்புக் கூடையே கொண்டுவர வேண்டும் என்று பெரியவர்கள் விதி செய்தார்கள். என்ன அழகான விதி!

1204இல் எகிப்தில் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், தருமத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பது இரண்டாம் படி. கடனோ வேலையோ கொடுத்து, இனி யாரிடமும் கையேந்தாதபடி நிமிர்ந்து நிற்க வைப்பதே முதல் படி.

"யாருக்கும் தெரியாமல் செய்தால், மற்றவர்களுக்கு உதவும் எண்ணம் எப்படி வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். அதற்கும் யூதர்கள் வழி வைத்திருந்தார்கள். ஊருக்குப் பொதுவான தரும நிதியை இருவர் சேர்ந்து வசூலிப்பார்கள். மூவர் கூடிப் பங்கிடுவார்கள். வசூல் எல்லாருக்கும் தெரியட்டும். வாங்குபவர் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம்!

நான் ஆசிரியராக இருந்தபோது பலமுறை ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மேடைக்கு அழைத்து நோட்டுப் புத்தகம் தரும்போது, தருபவர் கேமராவைப் பார்ப்பார்; வாங்கும் பிள்ளை தரையைப் பார்க்கும். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதைக்கூடப் படம் எடுத்துப் பரப்புகிறார்கள். பசி அன்றே தீர்ந்துவிடும். படம் எத்தனை நாள் சுற்றும்?

செல்வங்களே! உங்கள் வகுப்பில் ஒரு தோழனிடம் பேனா இல்லையா? அவன் இல்லாதபோது அவன் பையில் ஒன்றை வைத்துவிடுங்கள். தோழி சாப்பாடு கொண்டுவரவில்லையா? "எனக்கு இன்று அதிகம், பங்கு போட்டுக்கொள்வோமா?" என்று கேளுங்கள். பிறகு அதை யாரிடமும் சொல்லாதீர்கள். அவர்கள் நாளைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கூச்சமில்லாமல் சிரிக்க வேண்டும். அதுதான் நீங்கள் செய்த உதவிக்குக் கிடைக்கும் முழு மதிப்பெண்!