99 ஆண்டுக் குத்தகை!

மல்லாங்கிணற்றுக் கரிசற்காட்டு உழவனிடம், குத்தகை என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். “பட்டா என் பெயரில், ஏர் பூட்டுபவன் வேறொருவன்” என்பான். இந்த உண்மையைப் பீகிங் ஆட்சியாளர் நன்கு அறிவர், பட்டறிந்தவர்கள் அவர்கள்!

1898-இல், ஹாங்காங்கை அடுத்த புதிய பிரதேசங்களை 99 ஆண்டுக் குத்தகை என்ற பெயரால் பிரிட்டன் பெற்றது. வலுத்தவன் மெலிந்தவன்மீது சுமத்திய அவமானம் அது என்று சீனர் கொதித்தனர். கொதித்தது நியாயமே! 1997-இல் அந்த மண் மீண்டது. இருபதே ஆண்டுகள் கழித்து நடந்ததென்ன? கடன்சுமையில் தவித்த இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம், 2017-இல் சீன நிறுவனத்தின் கைக்குச் சென்றது. எத்தனை ஆண்டுக்கு? அதே 99! 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ என்னும் சீனக் கண்காணிப்புக் கப்பல், இந்தியாவின் கவலையையும் மீறி அங்கே வந்து நின்றது. டில்லியைவிட அம்பாந்தோட்டை நமக்கு அருகில் என்பதை மறவாதீர்!

கடலில் கடன், மலையிலோ படை. 1954-இல் பஞ்சசீலம் பேசினர். 1957-க்குள் அக்சாய் சின் வழியே சாலை போட்டனர். 1962 அக்டோபர் 20-இல் படையெடுத்தனர். சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் இன்றும் அவர்கள் பிடியில். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் வீழ்ந்த இருபது வீரருள், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர்ப் பழனியும் ஒருவர். 1985 வரை நாமும் அம்மாவட்டத்தவரே அல்லவா? இமயத்து எல்லை எங்கோ இருக்கிறது என்று இனி எவர் சொல்வது?

“பொதுவுடைமை பேசுவோர் ஆதிக்கம் செய்வரோ?” என்று கேட்பாரும் உண்டு. அவர்கள் 1979-ஐ நினைவுகூரட்டும். அவ்வாண்டு சீனப்படை புகுந்தது, அதே செங்கொடி ஏந்திய வியட்நாமிலே! கொடியின் நிறம் கொள்கையைச் சொல்லலாம். படையின் திசையே நோக்கத்தைச் சொல்லும்.

இதற்காகச் சீன மக்களை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. வெறுப்பு எல்லையைக் காக்காது. மலையில் விழிப்பு வேண்டும்; கடலில் நட்பு வேண்டும். தவிக்கும் அண்டை வீட்டானுக்கு நாம் கதவடைத்தால், அவன் கடன்காரன் வாசலுக்குத்தான் போவான். 2022-இல் இலங்கை பசியில் வாடியபோது, 40,000 டன் அரிசி அனுப்பத் தமிழ்நாடு முன்வந்தது. அது இரக்கம் மட்டுமன்று, தொலைநோக்குள்ள அரசியலுமாகும். பசித்தவனுக்கு அளிக்கும் அரிசிக்குக் குத்தகைப் பத்திரம் தேவையில்லை, தோழர்களே!