துருவும் வான்கதவும்

மாரி பெருகி இரணைமடுக் குளம் நிறைந்துவிட்டால், வான் பாய்வதைக் காண மக்கள் திரள்வர். நாம் காண்பது நீரை; அதனைத் தாங்கி நிற்கும் இரும்புக் கதவை நோக்குவோர் சிலரே. 2018 டிசெம்பர்ப் பெருமழையின்போது அக்கதவுகள் திறக்கப்பட்டன. அன்று அவை அசைய மறுத்திருப்பின் அணைக்கட்டின் கதி யாது?

அவ்வச்சம் வீணன்று. அமெரிக்காவில் ஃபொல்சம் அணையில் 1995 ஜூலை 17 அன்று வான்கதவொன்று திறக்கும்போதே முறிந்தது. கதவு சுழலும் அச்சாணியிலே துருவேறி உராய்வு மிகுந்திருந்தது. அதனைத் தாங்குமாறு கதவின் சட்டங்கள் அமைக்கப்பட்டிருக்கவில்லை. முகப்பை மட்டும் பார்த்தவர்க்கு இது புலப்படுமா?

முற்றும் நீருள் மூழ்கிய இரும்பில் துரு மெல்லவே பற்றும். நீரும் காற்றும் மாறிமாறித் தீண்டும் நீர்மட்டத்திலேதான் அது விரைந்து அரிக்கும். ஆதலின் அவ்விடத்தைச் சுத்தியலால் தட்டி, சுரண்டி, எஞ்சிய தகட்டின் தடிப்பை அளத்தல் வேண்டும். துருவின்மேல் வர்ணம் பூசுவது புண்ணைக் கழுவாது கட்டுப்போடுவதை ஒக்கும். (நம் வீட்டுப் படலைக்கும் இதைத்தான் செய்கின்றோம்!) மணல் வீச்சினால் உலோகம் பளிச்சிடும்வரை துடைத்து, நாகம் கலந்த முதற்பூச்சு இடுதலே முறை.

கொங்கிறீற்றுத் தூணுக்கு வேறு சோதனை. அதன் காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பிக்குக் காவல். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஊடுருவ அக்காரம் குன்றும். புதிதாக உடைத்த பரப்பிலே, மாணவர் நன்கறிந்த பினோத்தலீனைத் தெளித்தால் காரமுள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை எட்டியிருப்பின் அக்கம்பிக்குக் காவல் இல்லை.